சிறிய எரிபொருள் மின்கல நிறுவனத்தின் பங்கில் நான்கு லட்சம் போடலாமா?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறேன். ஏலச்சீட்டு ஒன்று முடிந்து, பொங்கலுக்கு முன் நான்கு லட்சம் ரூபாய் கைக்கு வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலாகியுள்ள ஒரு சிறிய எரிபொருள் மின்கல நிறுவனத்தைப் பற்றிச் சொல்லி, அதன் பங்கை வாங்கி ஐந்தாண்டு வைத்திருக்கலாம் என்கிறான். பெயரை எழுதினால் விவாதம் விலையை நோக்கிப் போய்விடும் என்பதால் தவிர்க்கிறேன். கைப்பேசிக் கோபுரங்களுக்கும் கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கும் மின்கலம் செய்யும் நிறுவனம் அது. இரண்டாண்டுக்கு முன் 9 டாலருக்கு விற்ற பங்கு இன்று 1.40 டாலருக்குக் கிடைக்கிறது.

விலை இவ்வளவு இறங்கியிருப்பது நல்ல சந்தர்ப்பமா, அல்லது இறங்கியதற்கு உள்ளே வேறு காரணம் உண்டா என்பதுதான் என் கேள்வி. தொழில்நுட்பம் எனக்குப் புரியாது. ஆனால் உருக்கிய வெள்ளியைக் கையில் வாங்கினால் அதன் டச், அதாவது தூய்மை அளவு, என்ன என்று ஓரளவு சொல்லிவிடுவேன். அதுபோல ஒரு நிறுவனத்தை உரைத்துப் பார்க்கும் வழி இருந்தால் பெரியவர்கள் சொல்லித்தர வேண்டும்.

மேட்டூர் பழைய பொறியாளர்

ஐயா, முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். எரிபொருள் மின்கலம் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. வில்லியம் குரோவ் 1839-ஆம் ஆண்டிலேயே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். 1965-இல் ஜெமினி 5 விண்கலத்திலும், பின்னர் அப்பல்லோ கலங்களிலும் இது மின்சாரம் தந்தது. எனவே "இது வேலை செய்யுமா" என்ற கேள்விக்கு விடை கிடைத்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. கட்டுப்படியாகுமா என்பதுதான் இன்னும் முடியாத கேள்வி.

நீங்கள் சொல்லும் நிறுவனம் செய்வது பெரும்பாலும் சவ்வு வகையாக இருக்கும். மெல்லிய பாலிமர் சவ்வின் இருபுறமும் பிளாட்டினம் தூவிய கார்பன் படலம் இருக்கும். ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் காற்றும் செல்லும். ஏறத்தாழ 80 டிகிரி வெப்பத்தில் அது இயங்கும். கோட்பாட்டின்படி ஒரு கலம் 1.23 வோல்ட் தர வேண்டும், ஆனால் சுமை ஏற்றியபின் கையில் கிடைப்பது 0.6 முதல் 0.7 வோல்ட்தான். ஆகவே தட்டுகளை நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்குகிறார்கள். இந்த அடுக்கைத் தொழிலில் ஸ்டேக் என்பார்கள். பிளாட்டினம் செயலிழந்தாலோ சவ்வில் நுண்துளை விழுந்தாலோ ஸ்டேக்கை மாற்ற வேண்டும். இரவும் பகலும் ஓடினால் ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஆகிறது. 40,000 மணி நேரம் தாங்கும் ஸ்டேக் என்று விற்றாலும் ஐந்தாண்டு முடிவதற்குள் புதிய ஸ்டேக் வேண்டும். அந்தச் செலவு வாங்கியவருடையதா, உத்தரவாதத்தின்படி விற்றவருடையதா என்பதை ஆண்டறிக்கையில் தேடிப் பாருங்கள்.

அடுத்தது எரிபொருள். ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறத்தாழ 33 யூனிட் ஆற்றல் உண்டு. மின்கலம் அதில் பாதியை மின்சாரமாகத் தந்தால் 16 யூனிட் கிடைக்கும். அதே ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து மின்பகுப்பில் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. மூன்று படி நெல் கொடுத்து ஒரு படி அரிசி வாங்குவதைப் போன்ற கணக்கு இது. மின்கம்பியோ பேட்டரியோ போக முடியாத இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு நியாயமாகிறது. விதிவிலக்கு ஒன்று எங்கள் ஊரிலேயே உண்டு. உப்புநீரை மின்பகுத்துக் காஸ்டிக் சோடா எடுக்கும்போது, ஒரு டன்னுக்கு 25 கிலோ ஹைட்ரஜன் தானாக வெளிவருகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் அதன் ஒரு பகுதியைக் கொதிகலனில் எரித்தோம், மிஞ்சியதைப் புகைபோக்கி வழியே விட்டோம். அப்படிப்பட்ட ஆலையின் பக்கத்தில் மின்கலம் வைத்தால் பொருள் உண்டு. உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ஹைட்ரஜனை எங்கிருந்து, என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா?

சூரமங்கலம் ரயிலடி

பொறியாளர் ஐயாவின் கணக்கை மறுக்கவில்லை, ஆனால் காலம் மாறிவிட்டது. புளூம் எனர்ஜி நிறுவனத்தை 2001-இல் தொடங்கிய கே. ஆர். ஸ்ரீதர், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில், அதாவது இன்றைய என்.ஐ.டி.யில், இயந்திரவியல் படித்தவர். செவ்வாய்க் கோளில் ஆக்சிஜன் தயாரிக்க நாசாவுக்காகச் செய்த ஆய்வைத் திருப்பிப் போட்டுத்தான் அந்த மின்கலத்தை உருவாக்கினார். இன்று செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்களுக்கு மின்வாரிய இணைப்பு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆவதால், வாசலிலேயே மின்சாரம் தரும் இந்தப் பெட்டிகளைத் தேடி வருகிறார்கள். 2024 நவம்பரில் அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர் என்ற பெரிய மின் நிறுவனம் 1 கிகாவாட் வரை வாங்க ஒப்பந்தம் செய்தது. அதற்குப் பிறகு புளூமின் பங்கு எவ்வளவு ஏறியது என்பதை அனைவரும் பார்த்தோம். அடுத்த புளூம் எது என்று இன்று தேடுபவர் முட்டாள் அல்லர். அண்ணா நான்கு லட்சமும் போட வேண்டாம், இரண்டு லட்சமாவது போடலாம்.

நாகலூர் காப்பித் தோட்டம்

தம்பி சொன்ன புளூமின் கதையில் நடுப்பக்கம் விடுபட்டிருக்கிறது. 2018 ஜூலையில் 15 டாலருக்குப் பட்டியலான அந்தப் பங்கு, 2019 இறுதியில் 3 டாலருக்கும் கீழே போனது. அப்போது விற்றவர்களும் முட்டாள்கள் அல்லர். மேலும் அதன் பெட்டிகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில், 800 டிகிரி அளவு வெப்பத்தில் இயங்கும் பீங்கான் வகையைச் சேர்ந்தவை. பட்டறைக்காரர் கேட்பது சவ்வு வகை. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதற்காக ஒன்றின் உயர்வை மற்றொன்றின் கணக்கில் எழுத முடியாது.

நான் ஏற்காட்டில் காப்பியும் மிளகும் பயிரிடுகிறேன். 2021 பிப்ரவரியில், ஊரே பசுமை எரிசக்தி என்று பேசிக்கொண்டிருந்தபோது, இதைப் போன்ற ஒரு சிறிய நிறுவனத்தில் காப்பி விற்ற பணத்தைப் போட்டேன். பெயர் வேண்டாம். நான்காண்டு கழித்து விற்றபோது பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாயும் திரும்பவில்லை. அந்தப் பணத்தில் சவுக்கு மரங்களில் எல்லாம் மிளகுக்கொடி ஏற்றியிருக்கலாம் என்று என் மனைவி இன்றும் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான், மரம் மட்டும் சில்வர் ஓக்.

நட்டப்பட்ட பிறகுதான் வரலாற்றைப் படித்தேன். கனடாவின் எரிபொருள் மின்கல நிறுவனமான பல்லார்டின் பங்கு 2000-ஆம் ஆண்டு 100 டாலரைத் தாண்டி விற்றது, 2012-இல் 1 டாலருக்கும் கீழே வந்தது. இதே தொழிலில் உள்ள அமெரிக்காவின் பிளக் பவர் 1999-இல் பட்டியலானது. 2021 ஜனவரியில் 70 டாலரைத் தாண்டியது. 2023 நவம்பரில், தொடர்ந்து இயங்க முடியுமா என்பதே ஐயம் என்று தானே அறிவித்தது. 2025 மே மாதத்தில் அதுவும் 1 டாலருக்குக் கீழே விற்றது. அமேசான், வால்மார்ட் போன்ற வாடிக்கையாளர்களுக்குப் பங்கு வாங்கும் உரிமைப் பத்திரங்களைக் கொடுத்து வியாபாரம் பிடித்ததால், அவற்றின் மதிப்பைக் கழித்தபோது 2020-ஆம் ஆண்டு அதன் வருவாயே பூஜ்யத்துக்குக் கீழே போனது. இலாபம் எதிர்மறையாகப் போவதைப் பார்த்திருக்கிறோம், வருவாய் அப்படிப் போனதை நான் அங்குதான் முதலில் பார்த்தேன்.

இவற்றையெல்லாம் விட என்னைத் திகைக்க வைத்தது ஃபியூவல்செல் எனர்ஜி என்ற மற்றொரு மின்கல நிறுவனத்தின் கணக்கு. இறங்கிய பங்கு விலையைத் தூக்கிக் காட்ட, 2015-இல் 12 பங்குகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். 2019-இல் மீண்டும் 12-ஐ ஒன்றாக்கினார்கள். 2024 நவம்பரில் 30-ஐ ஒன்றாக்கினார்கள். பெருக்கிப் பாருங்கள்: 2015-க்கு முன் 4,320 பங்கு வைத்திருந்தவரிடம் இன்று இருப்பது ஒரே ஒரு பங்கு. இத்தனைக்கும் அந்த நிறுவனம் மூடப்படவில்லை, மின்கலங்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கோபுரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் தோட்டத்து மேட்டில் ஒரு கைப்பேசிக் கோபுரம் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இரவு முழுவதும் ஜெனரேட்டர்தான் ஓடும். 2 கிலோவாட் சுமை எட்டு மணி நேரம் என்றால் 16 யூனிட், அதாவது பொறியாளர் கணக்கில் ஒரு கிலோ ஹைட்ரஜன். வெல்டிங் பட்டறைகளில் காணும் ஆளுயரச் சிலிண்டரில் அடங்குவது 600 கிராம் அளவுதான், அதன் இரும்பு எடையோ 50 கிலோவுக்கு மேல். ஓர் இரவுக்கு இரண்டு சிலிண்டர்களை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். டீசல் என்றால் ஐந்தாறு லிட்டர் கேனைப் பையன் இருசக்கர வண்டியிலேயே கொண்டுவந்து விடுகிறான். இப்போது கோபுரக்காரர்கள் லித்தியம் பேட்டரிப் பெட்டி வைத்திருக்கிறார்கள், ஜெனரேட்டர் சத்தமே குறைந்துவிட்டது.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

நாகலூர் ஐயா, 4,320 என்ற எண்ணைப் படித்துவிட்டுச் சற்று நேரம் வேலை ஓடவில்லை. என் மொழியில் சொல்லிப் பார்க்கிறேன், தவறானால் திருத்துங்கள். மகனிடம் கேட்டு அறிந்தவரை, இந்த நிறுவனம் இரண்டாண்டுக்கு முன் 2 கோடியே 10 லட்சம் பங்குகளை வைத்திருந்தது, இப்போது 4 கோடியே 60 லட்சம். எண்பது டச் வெள்ளிக் கட்டியில் செம்பைச் சேர்த்துக்கொண்டே போனால் எடை கூடும், பார்ப்பதற்குக் கட்டி பெரிதாகும், ஆனால் டச் இறங்கிவிடும். 2.10-ஐ 4.60-ஆல் வகுத்தால், எண்பது டச் முப்பத்தாறாகிவிட்டது. விலை இறங்கியதில் ஒரு பகுதி மலிவு அன்று, கலப்பு. சரியா?

அஸ்தம்பட்டி தணிக்கையாளர்

உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. புதிய பங்குகளை வெளியிடும்போது நிறுவனத்துக்குள் பணம் வருகிறது. அதாவது உருக்கும் குவளையில் சேர்வது செம்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வெள்ளியாகவும் இருக்கலாம். வந்த பணம் இலாபம் தரும் இயந்திரமாகவோ உறுதியான ஆர்டராகவோ மாறினால் டச் இறங்காது. சம்பளத்திலும், நட்டத்துக்கு விற்கும் பெட்டிகளிலும் கரைந்தால் அது செம்பு. எனவே பங்கு எண்ணிக்கையைத் தனியாகப் பார்க்காமல், மொத்த இலாபம் என்ற வரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விற்பனை வருவாயிலிருந்து பொருள் செய்த செலவை மட்டும் கழித்தால் வருவது மொத்த இலாபம். அலுவலகச் செலவும் ஆராய்ச்சிச் செலவும் அதற்குப் பிறகுதான் கழிக்கப்படும். பல்லார்ட், பிளக் இரண்டுக்குமே அண்மை ஆண்டுகளில் அந்த முதல் வரியே எதிர்மறையாக இருந்திருக்கிறது. கொலுசுக்குக் கூலியும் சேதாரமும் வாங்காமல், வெள்ளி விலையிலும் குறைத்துக் கொடுப்பதற்கு ஒப்பான நிலை அது. அப்படிப்பட்ட வியாபாரத்தில் ஆர்டர் பெருகினால் நட்டமும் பெருகும்.

வெளிநாட்டுப் பங்கு என்பதால் வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரியைப் பிடிக்கும், எனவே உங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் டாலர் மாற்று விலையிலும் வங்கிக் கட்டணத்திலும் போகும் போதும் வரும் போதும் கொஞ்சம் பணம் கழியும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் வரி. அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரம்பின்படி வரி. நீண்டகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்க முடியும், எட்டாண்டு வரை எடுத்துச் செல்லலாம்.

பலரும் கோட்டைவிடும் இடம் வேறு. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும், இலாபம் இல்லாவிட்டாலும், வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அந்த அட்டவணை நிதியாண்டின்படி அன்று, ஜனவரி முதல் டிசம்பர் வரையான நாட்காட்டி ஆண்டின்படி கேட்கும். இதைக் காட்டாமல் விட்டு நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் ஓடிவந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பங்கு இருந்ததே மறந்திருந்தது.

சூரமங்கலம் ரயிலடி

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். வெளிநாடு சிக்கல் என்றால் உள்நாட்டில் பார்க்கலாமே. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. கொச்சிக் கப்பல் தளம் கட்டிய எரிபொருள் மின்கலப் படகைப் பிரதமர் 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவிலிருந்து தொடங்கிவைத்தார். சென்னைப் பெரம்பூரில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். நம் சேலம் உருக்காலையில் செய்யும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகூட நாளை ஸ்டேக்கின் தட்டாக மாறலாம். நம்மூர்ச் சந்தையிலும் சில ஹைட்ரஜன் பங்குகள் நாள்தோறும் மேல் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏற அனுமதித்த உச்ச விலையில், பூட்டுகின்றன.

நாகலூர் காப்பித் தோட்டம்

தம்பி, நாள்தோறும் மேல் சர்க்யூட்டில் பூட்டும் பங்கை வாங்கவும் முடியாது. அது கீழ் சர்க்யூட்டுக்குத் திரும்பும்போது விற்கவும் முடியாது. பெயரில் ஹைட்ரஜன் என்று சேர்த்துக்கொண்ட நேற்றைய நூல் வியாபார நிறுவனத்தையும், உண்மையில் சவ்வு செய்யும் நிறுவனத்தையும் பிரித்துப் பார்க்க, நிறுவனர்களின் பங்கு அடமானத்தில் இருக்கிறதா என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பங்குதாரர் பட்டியலில் பார்க்கலாம். வாரண்ட் எனும் பங்கு வாங்கும் உரிமைப் பத்திரத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். நம் நாட்டில் கால் பங்குப் பணத்தை மட்டும் கட்டிவிட்டு, மீதியைக் கட்டப் பதினெட்டு மாதம் காத்திருக்க விதி இடம் தருகிறது. விலை ஏறினால் கட்டுவார்கள், ஏறாவிட்டால் கால் பங்கோடு போகும். நமக்கு அந்த வசதி இல்லை.

அரசு அறிவிக்கும் தொகை எந்தப் பங்குதாரரின் பைக்கும் நேராக வருவதில்லை. அமெரிக்காவில் 2022 ஆகஸ்ட் சட்டம் ஒரு கிலோ தூய ஹைட்ரஜனுக்கு 3 டாலர் வரை வரிச்சலுகை அறிவித்தபோது பங்குகள் குதித்தன. 2025 ஜூலையில் அந்தச் சலுகையின் காலத்தைச் சுருக்கிவிட்டார்கள்.

மேட்டூர் பழைய பொறியாளர்

எஃகுத் தகடு பற்றித் தம்பி சொன்னது தவறில்லை, ஆனால் வெறும் எஃகு அங்கே அரித்துவிடும், மேலே பூச்சு வேண்டும். இன்னொன்று, நம் மாவட்டத்தில் எரிபொருள் மின்கலத்துக்கு உண்மையான இடம் ஜவ்வரிசி ஆலைகளாக இருக்கலாம். மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு போல வாயு எடுக்கும் ஆலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதில் உள்ள கந்தக நாற்றத்தை முழுவதும் நீக்கினால் பீங்கான் வகை மின்கலத்துக்குக் கொடுக்கலாம். சவ்வு வகைக்கு இது ஒத்துவராது, ஏனெனில் வாயுவை ஹைட்ரஜனாக மாற்றும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு இருந்தாலே பிளாட்டினத்தை முடக்கிவிடும். ஆனாலும் இன்றைய நிலையில் ஆலைக்காரர் அந்த வாயுவை எஞ்சினில் எரித்துக்கொள்வதுதான் மலிவு.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை என்பதால், மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடைசிக் காலாண்டு அறிக்கையை வரிவரியாகப் படித்தோம். ஆங்கிலத்தை அவன் சொன்னான், எண்களை நான் தாளில் எழுதினேன். கையிருப்புப் பணம் 1 கோடியே 80 லட்சம் டாலர். ஒரு காலாண்டில் தொழில் நடத்தக் கரைந்தது 65 லட்சம் டாலர். ஆக மூன்று காலாண்டுக்குக்கூட முழுதாகக் காணாது. மொத்த இலாபம் எதிர்மறை, ஆனால் சென்ற ஆண்டை விடக் குறைந்த எதிர்மறை. ஆர்டர் என்று விளம்பரத்தில் சொன்னதில் பெரும்பகுதி, அறிக்கைக்குள் உறுதியற்ற "விருப்பக் கடிதம்" என்று மாறியிருக்கிறது. பொறியாளர் ஐயா கேட்ட ஹைட்ரஜன் விலை எங்கும் இல்லை. ஸ்டேக் உத்தரவாதத்துக்காக ஒதுக்கிய தொகை ஓராண்டில் இரண்டு மடங்காகியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் மகன் முழுதாக மனம் மாறவில்லை. நான்கு லட்சத்துக்குப் பதில் நாற்பதாயிரம் மட்டும் போடலாம், போனால் ஒரு தீபாவளிச் செலவு என்கிறான். எனக்கும் அரை மனது வந்திருக்கிறது.

நாகலூர் காப்பித் தோட்டம்

நாற்பதாயிரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது அப்பாவும் மகனும் பேசிக்கொள்ள வேண்டியது. போடுவதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள். உள்ளே இருப்புநிலைக் குறிப்பில் உள்ள பங்கு எண்ணிக்கை காலாண்டு முடிந்த நாளுடையது. அறிக்கையின் முதல் பக்கத்திலும் ஒரு பங்கு எண்ணிக்கை இருக்கும், அது அறிக்கையைத் தாக்கல் செய்யும் சமயத்துடையது. இரண்டுக்கும் நடுவில் நான்கைந்து வாரம் இருக்கும். சந்தையிலேயே சிறுகச் சிறுகப் புதிய பங்குகளை விற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைச் சிறிய நிறுவனங்கள் பல வைத்திருக்கின்றன. அதற்குத் தனி அறிவிப்பு நாள்தோறும் வராது. அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில்தான் அது தெரியும். அதோடு, விலை தொடர்ந்து முப்பது வேலை நாள் 1 டாலருக்குக் கீழே இருந்தால் நாஸ்டாக் எச்சரிக்கை அனுப்பும், சரிசெய்ய 180 நாள் தரும். 1.40-இலிருந்து அந்தக் கோடு தூரமில்லை, அதைத் தொட்டால் பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் பேச்சு வந்துவிடும்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

பார்த்தோம் ஐயா. உள்ளே 4 கோடியே 60 லட்சம், முதல் பக்கத்தில் 4 கோடியே 91 லட்சம். ஐந்து வாரத்தில் 31 லட்சம் பங்குகள் புதிதாக வந்திருக்கின்றன. இன்றைய விலையில் வைத்தால் 43 லட்சம் டாலர், ஒரு காலாண்டுச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு. நாங்கள் இங்கே வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்த நாட்களில் அவர்களும் விற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

மகன் தாளை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தான், பிறகு ஒன்றும் பேசவில்லை. நாற்பதாயிரமும் அடுத்த காலாண்டு அறிக்கை வரும்வரை வங்கியிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த அறிக்கை வந்ததும் முதல் பக்கத்து எண்ணையும் மொத்த இலாப வரியையும் இங்கே பதிவிடுகிறேன். தணிக்கையாளர் ஐயா, வேறொரு சந்தேகம்: மகன் சென்ற ஆண்டு அவன் பெயரில் அமெரிக்கப் பங்கு ஒன்று ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கியதாக இப்போதுதான் சொல்கிறான், அட்டவணையில் காட்டவில்லையாம். திருத்திய படிவம் போட இன்னும் நாள் இருக்கிறதா?

அஸ்தம்பட்டி தணிக்கையாளர்

டிசம்பர் 31 தாண்டிவிட்டதால் வழி கொஞ்சம் மாறும். படிவத்தின் நகலோடு திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.